பொதுநீரும் கமக்காரர் பொறுப்பும்

ஈழத்தின் வரண்ட வலயத்திலே கமத்தொழில் குளங்களை நம்பி வளர்ந்ததொன்று. வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழையைத் தேக்கிவைத்து, வெயில் மிகுந்த எஞ்சிய மாதங்களுக்கு அதனைப் பங்கிட்டுக்கொண்ட காரணத்தினாலேயே இவ்வலயத்தில் ஊர்களும் கோயில்களும் நகரங்களும் தோன்றி நிலைபெற்றன. நீரைத் தேக்குதல், நீரைப் பங்கிடுதல் ஆகிய இவ்விரண்டனுள் முன்னதைப் பற்றியே வரலாற்றாசிரியர் பெரிதும் எழுதியுள்ளனர். குளங்கட்டிய மன்னரின் பெயர்கள் நூல்களிலும் கல்வெட்டுக்களிலும் நிலைத்துள்ளன. அக்குளங்களின் நீரைத் தலைமுறை தலைமுறையாகப் பகிர்ந்து பயிர்செய்த குடிகளின் ஒழுங்குகளோ பெரும்பாலும் எழுதப்படாமலே போயின. எனினும் ஒரு குளம் பயன்தருவதும் பாழாவதும் அவ்வொழுங்குகளையே பெரிதும் பொறுத்துள்ளன. பொதுநீரை அதனாற் பயன்பெறும் கமக்காரரே கூடி நிருவகித்தல் இயலுமா, இயலுமாயின் அதற்கு வேண்டுவன யாவை என்னும் வினாக்களைத் திருகோணமலை மாவட்டத்தின் நிலைமையையும், கிழக்கு மாகாணத்தின் தென்பகுதியிலுள்ள கல்லோயாவின் அனுபவத்தையும் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலையின் குளநாடு

திருகோணமலை துறைமுகத்தாற் புகழ்பெற்றதாயினும் அதன் உட்பகுதி குளநாடேயாகும். நகருக்கு வடக்கே நிலாவெளி, குச்சவெளி, திரியாய் முதலிய ஊர்களை அடக்கிய பிரிவுக்கு முன்னாளிற் கட்டுக்குளப்பற்று என்னும் பெயரே வழங்கியது. கடலோரத்து மணற்பாங்கான நிலங்களிலே கிணற்று நீரைக்கொண்டு வெங்காயம் முதலியன பயிராவதும், சற்று உள்ளே சென்றாற் சிறு குளங்களின் கீழும் மானாவாரியாகவும் நெல் விளைவதும் அப்பகுதியின் இயல்பு. நகருக்குத் தென்மேற்கே கந்தளாய்க் குளமும் அதன் நீர் பாயும் தம்பலகாமத்து வயல்வெளியும் உள்ளன. தெற்கே கொட்டியாரப்பற்றிலே மகாவலியின் கிளையாகிய வெருகலாற்று நீரைக்கொண்டு அல்லைப் பகுதி விளைகின்றது.

இவற்றுட் கந்தளாய்க் குளம் தலையாயது. பேராற்றை மறித்துக் கட்டப்பட்ட இக்குளத்தை 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாண்ட இரண்டாம் அக்கபோதியோடு தொடர்புபடுத்துவர் வரலாற்றாசிரியர். தமிழர் மரபோ இதனைக் குளக்கோட்டன் பணி என்று போற்றும். குளமும் கோட்டமும் அமைத்தவன் என்பதே அவன் பெயரின் பொருள் என்பர். கவிராசவரோதயன் இயற்றியதாகக் கூறப்படும் கோணேசர் கல்வெட்டு, கோணேசர் கோயிலுக்கும் அதன் வயல்களுக்கும் உரிய தொழும்புகள் தானத்தார், வரிப்பத்தார் முதலிய குடிகளுக்கு வகுக்கப்பட்ட முறையை விரித்துரைக்கின்றது. அந்நூலின் காலம், வரலாற்றுத்தன்மை ஆகியன பற்றிக் கருத்து வேறுபாடுகள் உள. அவை எவ்வாறாயினும், குளத்தைக் கட்டியதோடு அமையாது இன்னார்க்கு இன்ன கடமை, இன்ன உரிமை என்று வகுத்ததையும் சேர்த்தே அரசன் பெருமையாக மக்கள் நினைவிற் கொண்டனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. சோழர் காலத்திற் கந்தளாய் ஒரு சதுர்வேதிமங்கலமாக விளங்கியமை கல்வெட்டுக்களால் அறியப்படும். சபை கூடிப் பொதுக்கருமம் ஆற்றும் வழக்கம் இந்நிலத்துக்குப் புதியதன்று.

இன்றைய கந்தளாய் தனித்து நிற்கும் குளமன்று. 1976இற் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்ட பின்னர், அம்பன்கங்கை வழியாகவும் மின்னேரி, கவுடுல்லை முதலிய குளங்களின் வழியாகவும் மலைநாட்டு நீர் இங்கு வந்து சேர்கின்றது. நீண்டதொரு சங்கிலியின் கடைக் கண்ணிகளுள் ஒன்றாகக் கந்தளாய் அமைந்துள்ளது. அதன் நீரைக் கமக்காரர் மாத்திரமன்றித் திருகோணமலை நகரமும் குடிநீராகப் பெறுகின்றது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் அதன் கீழ்ப் பயிர்செய்கின்றனர். 1986ஆம் ஆண்டு சித்திரை மாதம் 20ஆந் திகதி விடியுமுன் அக்குளக்கட்டு உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. வெள்ளம் எவ்வினத்தார் வீடென்று பார்த்து நுழையவில்லை. குளத்தின் நன்மையும் தீமையும் அதன் கீழ் வாழும் அனைவருக்கும் பொதுவாதலால், அதன் காவலும் பொதுவாதல் வேண்டும்.

தலைமடையும் கடைமடையும்

பொதுநீரின் சிக்கலை விளங்கிக்கொள்வதற்கு ஒரு சிறு வாய்க்காலை நோக்குதலே போதும். ஒரு வயல்வாய்க்காலின் கீழ்ப் பதினைவர் பயிர்செய்கின்றனர் எனக் கொள்வோம். மடை திறந்தவுடன் நீர் முதலிற் சேர்வது தலைப்பகுதி வயலுக்கு; இறுதியிற் சேர்வது கடைப்பகுதி வயலுக்கு. தலைமடையிலுள்ளவன் தன் வக்கடையை வேண்டுமளவு திறந்து வைத்திருக்கலாம், கேட்பார் இலர். கடைமடையிலுள்ளவனோ தனக்கு மேலுள்ள பதினால்வரின் பொறுப்புணர்ச்சியை நம்பியே வாழவேண்டியவனாகின்றான்.

தலைமடைக் கமக்காரன் வேண்டியதற்கு மேலாக நீர்கொள்வதைப் பேராசை என்று கூறிவிடுதல் எளிது. உண்மையில் அவன் செயலுக்கு வேறு காரணங்களும் உண்டு. வயலில் நீர் நின்றாற் களை குறையும். இரவிற் கண்விழித்து மடை பார்க்க வேண்டியதில்லை. இவற்றினும் மேலாக, அடுத்த முறை நீர் குறித்த நாளில் வருமோ வராதோ என்னும் ஐயம் அவனை வருத்துகின்றது. வருமென்ற உறுதி இல்லாதபோது வந்த நீரை வயலிலே தேக்கிக்கொள்வது அவனளவில் அறிவுடைய செயலே. ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் அளவில் அறிவுடையராய் நடக்க, முடிவிற் கடைமடை வயல்கள் காய்கின்றன. அங்குள்ளவன் இரவோடிரவாகக் கட்டை வெட்டுகின்றான்; மடைக்கதவை உடைக்கின்றான். அதிகாரிகள் பூட்டுப் போடுகின்றனர், பூட்டும் உடைகின்றது.

வாய்க்கால் தூர்வாரப்படாமைக்கும் காரணம் இதுவே. தலைமடையிலுள்ளவனுக்கு வாய்க்கால் தூர்ந்திருந்தாலும் நீர் வந்துவிடுதலின் தூர்வார வேண்டிய தேவை இல்லை. கடைமடையிலுள்ளவனுக்குத் தேவை உண்டு. ஆனால் தான் தூர்வாரினாலும் நீர் வரும் என்னும் நம்பிக்கை இல்லை. ஆகவே, நீரைப் பகிரும் ஒழுங்கு முதலில் அமைந்தாலன்றிப் பராமரிப்பு என்பது கனவேயாகும். தூர்வாருமாறு கமக்காரருக்கு ஆணையிட்டுவிட்டு, நீர்ப்பங்கீட்டில் அவர்களுக்கு இடங்கொடாத நிருவாகம் வேரை விட்டு இலைக்கு நீர் வார்ப்பதை ஒக்கும்.

காலமும் ஒரு பங்கீடே. நெற்செய்கையில் நிலத்தைப் பண்படுத்தும் பருவத்திலேயே பெருமளவு நீர் செலவாகின்றது. ஒரு வட்டையிலுள்ளோர் யாவரும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் உழுது விதைத்துவிட்டால் நீர் திறக்கும் காலம் சுருங்கும். சிலர் முந்தியும் சிலர் பிந்தியும் தொடங்கினால் வாய்க்கால் மாதக்கணக்காக ஓடவேண்டியதாகும். எனவே நீர் திறக்கும் நாள், மூடும் நாள், விதைக்க வேண்டிய நெல்லினம், கால்நடைகளைக் கட்டிவைக்கும் நாள், வேலி அடைக்கும் பொறுப்பு ஆகியவற்றைப் போகத்தின் தொடக்கத்திலே கூட்டங்கூடி முடிவுசெய்யும் வழக்கம் ஏற்பட்டது. நீர் மிகக் குறைந்த சிறுபோகங்களிற் சிங்களக் கிராமங்களில் ‘பெத்ம’ என்னும் மரபு கைக்கொள்ளப்பட்டது. குளத்துக்கு அண்மையிலுள்ள வயற்பகுதியை மாத்திரம் அவ்வாண்டு பயிரிடுவது என்று தீர்மானித்து, அப்பகுதியை எல்லோருக்கும் அவரவர் காணியின் அளவுக்கேற்பத் தற்காலிகமாகப் பிரித்துக்கொடுத்தலே அம்மரபாகும். தலைமடையில் நிலமுடையவன் தன் வயலைப் பிறர் உழ விடுகின்றான்; கடைமடையிலுள்ளவன் அவ்வாண்டு பட்டினி கிடவாது தப்புகின்றான். எழுதாச் சட்டமாகிய இது இன்றைய அறிஞரும் வியக்கும் நீதியுடையது.

பழைய ஒழுங்கும் புதிய சட்டங்களும்

தமிழகத்திலே உத்திரமேரூர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தெரிந்தெடுத்த செய்தியை முதலாம் பராந்தக சோழனின் 919ஆம், 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. அவ்வாரியங்களுள் ஏரிவாரியமும் ஒன்று. ஏரியைப் பேணுதற்கென ஆண்டுதோறும் மாறும் குழுவொன்றை அமைத்ததோடு, முன்னர்ப் பதவியிலிருந்து கணக்குக் காட்டாதோரை மீண்டும் தெரிவுசெய்யலாகாது என்றும் அச்சபை விதித்தது. பொதுநீருக்கும் பொதுக்கணக்குக்கும் உள்ள தொடர்பை ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஈழத்தில் அரசர் காலத்தில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியமுறை நிலவியது. 1832இல் ஆங்கிலவாட்சி அதனை ஒழித்தது. மனிதத்தன்மையை நோக்கின் அச்செயல் போற்றற்குரியதே. எனினும் குளக்கட்டுக்களையும் வாய்க்கால்களையும் ஆண்டுதோறும் செப்பனிட மக்களைக் கூட்டிய ஒழுங்கும் அதனுடன் தளர்ந்தது. அதற்கு ஈடாக வேறொன்று உடனே அமைக்கப்படவில்லை. பல குளங்கள் காடடர்ந்தன. கால்நூற்றாண்டு சென்ற பின்னரே, தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் கமக்காரரின் பழைய வழக்கங்களுக்குச் சட்டவலு அளித்தது. நீர்ப்பங்கீட்டையும் வேலியையும் தூர்வாரலையும் மேற்பார்வை செய்யும் தலைவரைச் சிங்களப் பகுதிகளில் ‘வெல் விதானை’ என்றும், கிழக்கில் வட்டைவிதானை என்றும் வழங்கினர். விளைவில் ஒரு பங்கு அவருக்குக் கூலியாயிற்று. வட்டை விளைந்தாலன்றித் தமக்கு வருவாய் இல்லையாதலால் அவர் கண்ணும் கருத்துமாய் இருந்தார் என்று போற்றுவாரும் உளர்; காணியுடையோர் குடும்பத்தவராய் ஏழைக் கமக்காரரை நலிந்தார் என்று குறைகூறுவாரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு.

சுதந்திரத்தின் பின்னர் இவ்வமைப்பு மாற்றமடைந்தது. அமைச்சர் பிலிப் குணவர்த்தனாவின் முயற்சியால் நிறைவேறிய 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம், விதானைமாரின் இடத்திற் கமக்காரர் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. குத்தகைக் கமக்காரரும் பொதுக்கருமத்தில் இடம்பெறல் வேண்டும் என்னும் அதன் கருத்து உயர்ந்தது. ஆயினும் குழுக்களின் முடிவை மீறுவோரைத் தண்டிக்கும் ஆற்றலும் போதிய பணமும் அவற்றுக்கு வாய்க்கவில்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டம் தெரிவுக்குப் பதிலாக நியமனத்தைப் புகுத்தவே, குழுக்கள் கட்சியரசியலின் நிழலிற் சென்றன. 1979ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கக் கமநல சேவைச் சட்டம் பொறுப்பை உத்தியோகத்தர் கையில் வைத்தது. 1991இல் அச்சட்டம் திருத்தப்பட்டுக் கமக்காரர் அமைப்புக்கள் சட்டத்தின் அங்கீகாரத்தைப் பெற்றன. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதனை மேலும் விரித்தது. விதானை, குழு, உத்தியோகத்தர், அமைப்பு என நான்கு தசாப்தங்களுக்குள் நிருவாகத்தின் பெயர் பலமுறை மாறியது. வாய்க்காலருகே நிற்கும் கமக்காரன் ஒவ்வொரு மாற்றத்தையும் மேலிருந்து வந்த ஆணையாகவே கண்டான்.

கல்லோயாவில் நிகழ்ந்தது

இந்நிலையிலேதான் கல்லோயாவின் அனுபவம் ஆராய்தற்குரியதாகின்றது. இங்கினியாகலையில் அணைகட்டி உருவாக்கிய சேனநாயக்க சமுத்திரத்தையும் அதன் கீழ்க் குடியேற்றத்தையும் அமைத்த கல்லோயாத் திட்டம், சுதந்திர இலங்கையின் முதற்பெரும் நீர்ப்பாசனத் திட்டமாகும். அதன் இடதுகரைப் பகுதி மிகப் பரந்தது. வாய்க்காலின் தலைப்பகுதியிற் சிங்களக் குடியேற்றவாசிகளும், கடைப்பகுதியிற் பெரும்பாலும் தமிழ் பேசும் கமக்காரரும் பயிர்செய்தனர். முப்பதாண்டு சென்றபோது மடைக்கதவுகள் உடைந்தும், வாய்க்கால்கள் தூர்ந்தும், கடைப்பகுதி வரண்டும் கிடந்தன. கமக்காரர் தம்முட் பகைத்தும் அதிகாரிகளை வெறுத்தும் வாழ்ந்தனர். இலங்கையிற் சீர்கெட்ட நீர்ப்பாசனத் திட்டங்களுள் ஒன்றென்று அது பெயரெடுத்திருந்தது.

1980இல் அமெரிக்க உதவியுடன் இடதுகரையைப் புனரமைக்கும் வேலை தொடங்கியபோது, கமக்காரரை ஒழுங்கமைக்கும் பணி கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகத்திடமும் கோர்னெல் பல்கலைக்கழகத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. அறிஞர் நோர்மன் அப்ஹொவ், விஜயரத்ன முதலியோர் அதில் ஈடுபட்டனர். அவர்கள் கையாண்ட முறை எளியது. பட்டம்பெற்று வேலையின்றியிருந்த இளைஞரையும் யுவதிகளையும் தெரிந்து பயிற்றி, 1981இல் கமக்காரர் நடுவே சென்று வாழுமாறு அனுப்பினர். தொடக்கத்தில் அவர்கள் ஏறத்தாழ முப்பதுபேரே. சங்கம் அமைத்தல், பதவியாளரைத் தெரிதல், யாப்பு எழுதுதல் என்பவற்றை அவர்கள் முதலிற் செய்யவில்லை. வீடு வீடாகச் சென்று குறைகேட்டனர். ஒரே வயல்வாய்க்காலில் நீர்பெறும் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி, பிறர் உதவியின்றித் தாமே செய்யக்கூடியது யாதென வினாவினர். வேலை முந்தியது, அமைப்புப் பிந்தியது. சேர்ந்து வேலைசெய்து பழகிய பின்னரே, வாக்கெடுப்பின்றி யாவரும் உடன்பட்ட ஒருவரைத் தம் பிரதிநிதியாகக் கமக்காரர் தெரிந்தனர்.

அவ்வாண்டு சிறுபோகத்தின்போது நீர்த்தேக்கம் ஏறத்தாழக் காற்பங்கே நிரம்பியிருந்தது. கூட்டுறவைத் தொடங்குதற்கு அதனினும் பொருந்தாத காலம் இல்லை என்றே எவரும் கருதுவர். ஆயினும் சில வாரங்களுக்குள்ளே முயற்சி நடைபெற்ற பகுதியின் கமக்காரரிற் பெரும்பாலோர் வாய்க்கால் தூர்வாரலிலோ, முறைவைத்து நீர் பாய்ச்சுதலிலோ, தம் பங்கில் மிஞ்சிய நீரைக் கீழ்ப்பகுதிக்கு விடுதலிலோ ஈடுபட்டனர். பல ஆண்டுகளாகத் தூர்வாரப்படாதிருந்த வாய்க்கால்கள் சிரமதானத்தாற் சீர்பெற்றன. தட்டுப்பாடு இருந்தமையே பகிர்வைத் தூண்டியது என்று சொல்லலாம். எல்லோருக்கும் போதாத நீரை யார் எவ்வளவு கொள்வது என்பது கண்முன்னே பேசி முடிவுசெய்யப்பட்டபோது, நாளைய நீர் பற்றிய ஐயம் குறைந்தது. அது குறையவே தேக்கிவைக்கும் வழக்கமும் குறைந்தது.

பொறியியலாளர்களிடமும் மாற்றம் தோன்றியது. வாய்க்காலின் குறைபாடுகளைக் கமக்காரரோடு உடன்நடந்து பார்த்தும், எந்த மடை எங்கே அமையவேண்டும் என்று அவர்களைக் கேட்டும் வரைபடங்களைத் திருத்தலாயினர். வயல்வாய்க்கால் குழுக்களின் பிரதிநிதிகள் கிளைவாய்க்கால் அமைப்பிலும், அதன்மேற் பகுதிச் சபையிலும், முடிவாகத் திட்டக் குழுவிலும் அதிகாரிகளோடு ஒக்க இருந்து பேசினர். 1985இல் திட்டம் முடிவுற்ற காலத்தில் ஏக்கர் ஒன்றுக்குச் செலவான நீர் கணிசமாகக் குறைந்திருந்தது. முன்னர் வரண்டுகிடந்த கடைப்பகுதியில் நீர் பாய்ந்தது.

இதன் உண்மையான சோதனை 1997இல் நிகழ்ந்தது. உள்நாட்டுப் போர் நிகழ்ந்த அக்காலத்திற் சிறுபோகத்துக்குரிய நீர் மிகக் குறைந்திருந்தது. தேக்கத்திலுள்ள நீர் ஏறத்தாழ 15 வீதமான நிலத்துக்கே போதுமென அதிகாரிகள் கணக்கிட்டனர். கமக்காரர் அமைப்புக்களோ நீரை எல்லோருக்கும் பகிர்ந்து முழுநிலத்தையும் பயிரிட அனுமதிக்குமாறு வேண்டி நின்றன. ஏறத்தாழ 65,000 ஏக்கர் பயிரிடப்பட்டது. வழக்கத்தினும் மேலான விளைவு கிடைத்தது. தலைப்பகுதிச் சிங்களக் கமக்காரர் கடைப்பகுதித் தமிழ்க் கமக்காரருக்கு நீர் விட்டனர். வெளியார் தூண்டுதல் ஒழிந்து பத்தாண்டுக்கு மேலாகியும் அவ்வொழுங்கு நிலைத்திருந்ததை இஃது உணர்த்துகின்றது. மேடைகளில் இன ஒற்றுமை பற்றிப் பேசப்பட்டவை பலவற்றினும், வாய்க்காலோரத்தில் நிகழ்ந்த இச்செயல் வலியது என்க.

மறுப்புரைகள் சில

கமக்காரரிடம் பொறுப்பை ஒப்படைத்தலை ஐயுறுவோர் மூன்று தடைகளை எழுப்புவர். கமக்காரர் சண்டைக்காரர், ஆதலால் அரசாங்கமே நீரை ஆளவேண்டும் என்பது முதலாவது. கல்லோயாவிலும் அவர்கள் சண்டையிட்டவர்களே. அவர்கள் இயல்பு மாறவில்லை. ஒருவரையொருவர் நம்புதற்குரிய சூழலே மாறியது. ஆகவே இத்தடை வலியற்றது.

அமைப்புக்கள் போடிமார் முதலிய வலியோர் கையிற் சிக்கிவிடும் என்பது இரண்டாவது. இதனைப் புறக்கணித்தலாகாது. பெரிய சங்கத்தின் கூட்டத்தில் எளியவன் வாய்திறப்பது அரிது. இதற்குப் பரிகாரம் அடியிலிருந்து கட்டுவதேயாகும். ஒரே வாய்க்காலில் நீர்பெறும் பதினைவருள் எவர் எவ்வளவு நீர் எடுத்தார் என்பதை மறைக்க இயலாது. சிறிய குழுவிலே கண்ணே காவல். அக்குழுவின் பிரதிநிதி வழுவினால் மறுநாளே அவரைக் கேட்பார் உளர்.

மூன்றாவது தடையே மிக நுண்ணியது. அரசாங்கம் தன் செலவைக் குறைப்பதற்காகவே கமக்காரர் தலையிற் சுமையை ஏற்றுகின்றது என்பர். இதற்குச் சான்றுகள் இல்லாமலில்லை. 1984இற் பெருந்திட்டங்களின் கீழ் ஏக்கருக்கு 100 ரூபா வீதம் நீர்க்கட்டணம் விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் அதனை உயர்த்தவும் எண்ணம் இருந்தது. தொடக்கத்திற் செலுத்திய கமக்காரர் விரைவிற் செலுத்துவதை நிறுத்தினர். பணம் எவ்வாறு செலவாகின்றது என்பதை அவர்கள் கேட்கவும் இயலவில்லை. பணங்கொடுத்தவனுக்கும் கொடாதவனுக்கும் நீர் ஒரேபடியே வந்தது. 1988இற் கமக்காரர் பங்குபற்றும் நிருவாகத்தை அரசாங்கம் கொள்கையாக ஏற்றபோது, கிளைவாய்க்கால்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்கும் அமைப்புக்களைக் கட்டணத்தினின்று விலக்கும் வழி வகுக்கப்பட்டது. இது முன்னையதினும் நேர்மையான உடன்படிக்கை. எனினும் பொறுப்பு மாத்திரம் கைமாறி, எந்நாளில் எவ்வளவு நீர் திறப்பது என்னும் முடிவு அலுவலகத்திலேயே தங்கிவிடுமாயின், கமக்காரர் கூலியில்லாத வேலையாட்களாகவே எஞ்சுவர். பொறுப்பும் உரிமையும் வண்டியின் இரு சக்கரங்கள். ஒன்றைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டுதல் இயலாது.

கல்லோயா முயற்சியிலும் இக்குறை ஒருவாறு தோன்றியது. கிராமங்களில் உழைத்த பட்டதாரி இளைஞருக்கு நிரந்தரப் பதவி வழங்கப்படாமையால் அவர்களுட் பெரும்பாலோர் வேறு வேலைகளுக்குச் சென்றனர். ஆசிரியப் பதவி பெற்று விலகியோர் பலர். புதியவர்களை மீண்டும் மீண்டும் பயிற்ற வேண்டியதாயிற்று. மனிதரைக்கொண்டு செய்யும் வேலைக்குச் சீமெந்து வேலைக்குக் கொடுக்கும் மதிப்பை எந்த அரசாங்கமும் எளிதிற் கொடுப்பதில்லை.

பிற நாட்டுச் சான்றுகள்

ஸ்பெயின் நாட்டின் வலன்சியா நகரில் வாரந்தோறும் வியாழன் நண்பகலிற் பேராலயத்தின் வாயிலிலே தண்ணீர் மன்றம் கூடுகின்றது. வாய்க்கால் ஒவ்வொன்றும் தெரிந்தெடுத்த கமக்காரரே அங்கு நீதிபதிகள். வழக்கறிஞரும் இல்லை, எழுத்துமூல வாதமும் இல்லை. வாய்மொழியாகக் கேட்டு அவ்விடத்திலேயே தீர்ப்புக் கூறுகின்றனர். பல நூற்றாண்டாக நிலவும் இம்மன்றத்தை 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச்செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. பாலித்தீவிலே ‘சுபாக்’ என்னும் கமக்காரர் கூட்டங்கள் கோயில் வழிபாட்டோடு இணைத்து நீரைப் பங்கிடுகின்றன.

இத்தகைய அமைப்புக்களை ஒப்புநோக்கி 1990இல் நூல் இயற்றிய அமெரிக்க அறிஞர் எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையார் 2009இற் பொருளியலுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். பொதுச்சொத்து ஒன்றில் அரசாங்கத்தின் பிடியோ தனியார் உடைமையோ இல்லாவிடின் அது அழிந்தே தீரும் என்ற கொள்கையை அவர் மறுத்தார். நீடித்து நின்ற அமைப்புக்களிற் சில பொதுப் பண்புகளைக் கண்டார்: யார் உறுப்பினர், எது எல்லை என்பது தெளிவு, விதிகளை அவற்றின்படி ஒழுகுவோரே வகுத்தல், கண்காணிப்போர் உறுப்பினருக்குப் பதில்கூறக் கடமைப்பட்டிருத்தல், பிழைக்கு ஏற்ற சிறு தண்டனையிலிருந்து படிப்படியாக உயர்தல், பிணக்கைச் செலவின்றி விரைவிற் தீர்க்கும் இடம் இருத்தல், அரசாங்கம் இவ்வுரிமைகளை மதித்தல். உத்திரமேரூரின் விதிகளையும் வட்டைக் கூட்டத்தின் வழக்கங்களையும் அறிந்தோர்க்கு இவை புதியன அல்ல.

இனிச் செய்யத்தக்கன

திருகோணமலை மாவட்டத்துக்கு இவ்வாராய்ச்சி எவ்வகையிற் பொருந்தும்? போர்க்காலத்திலே பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. மக்கள் இல்லாத ஊரிற் குளக்கட்டைக் காடு மூடியது, துருசு துருவேறியது. மீண்டுவந்தோர்க்குப் பல குளங்கள் திருத்திக் கொடுக்கப்பட்டுள்ளன. கட்டையும் துருசையும் ஒப்பந்தகாரர் ஓராண்டிற் திருத்திவிடலாம். எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது, வான் பாயும்போது எவரைக் கூப்பிடுவது, எந்த வயலுக்கு எந்த வக்கடை என்னும் அறிவோ முதியோரிடம் மாத்திரம் இருந்தது. அவர்களுட் பலர் அகதியாகவே மறைந்தனர். இழந்த இவ்வறிவை மீண்டும் தேடிச் சேர்க்கவேண்டியவர் அவ்வூர்க் கமக்காரரே. அதற்கு அவர்கள் கூடிப்பேசும் இடம் வேண்டும்.

200 ஏக்கருக்குக் குறைந்த நிலத்துக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநலத் திணைக்களத்தின் கீழும், கந்தளாய் போன்ற பெருங்குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழும் உள்ளன. இரண்டிலும் கமக்காரர் அமைப்புக்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அவ்விடத்தை உயிருள்ளதாக்க வேண்டுவன பெரும் செலவுடையன அல்ல. குளத்தின் நீர்மட்டமும் திறந்துவிட்ட நீரின் அளவும் யாவரும் காணும் இடத்தில் எழுதிவைக்கப்படல் வேண்டும்; அறியாத நீரை எவரும் பங்கிட முடியாது. போகத் தொடக்கக் கூட்டம் முடிவை அறிவிக்கும் கூட்டமாக இராது, முடிவை ஆக்கும் கூட்டமாக இருத்தல் வேண்டும். அது நிகழும் மொழி அங்குள்ள யாவர்க்கும் விளங்கல் வேண்டும். மூவினத்தார் கூடும் கந்தளாய் போன்ற இடங்களில் இதுவே முதற்றேவை. அமைப்பின் கணக்கு ஆண்டுதோறும் உறுப்பினர் முன் வாசிக்கப்படல் வேண்டும். சொந்தக் காணியில்லாத குத்தகைக்காரருக்கும், தாமே கமஞ்செய்யும் பெண்களுக்கும் உறுப்புரிமை வழங்கப்படல் வேண்டும். நிலாவெளி போன்ற கரையோர ஊர்களிலோ பொதுநீர் நிலத்தின் கீழேயே உள்ளது. ஒருவர் இயந்திரங்கொண்டு அளவின்றி இறைத்தால் அயலார் கிணறும் வற்றும், உவரும் ஏறும். கண்ணுக்குத் தெரியாத அந்நீருக்கும் குளத்து நீருக்குரிய உடன்பாடே வேண்டப்படுகின்றது.

கல்லோயாவில் வாய்க்காலோரம் நடந்து கமக்காரரின் குறைகேட்டோர் பெரும் பொறியியலாளரல்லர். கிராமத்துப் பிள்ளைகளாய்ப் பிறந்து கல்லூரியிற் பயின்று பட்டம்பெற்ற இளைஞரே. திருகோணமலையின் கல்லூரிகளிலும் கமக்காரரின் பிள்ளைகள் பயில்கின்றனர். தம் ஊர்க் குளத்தின் கொள்ளளவையும், அதன் கீழுள்ள ஏக்கரையும், சென்ற சிறுபோகத்தில் எவ்வயல் காய்ந்தது என்பதையும் கேட்டறிந்து எழுதிவைத்தல் அவர்களாற் செய்யக்கூடிய பணியாகும். அவ்வேட்டோடு அடுத்த போகக் கூட்டத்துக்குத் தம் தந்தையருடன் செல்வார்களாயின், அக்கூட்டத்தில் எழும் வினாக்கள் முன்னையவற்றினும் கூர்மையுடையனவாய் இருக்கும்.